விறகு விலைக்குப் போன படகு

எல்லப்பன்: பொருளப் பாத்ததும் கண்ணு விரியக் கூடாதுக்கா. அதான் மொத விஷயம். விரிஞ்சுதுன்னு வை... பக்கத்துல நிக்கிறவன் வெலய ஏத்திடுவான்.

சூசையம்மாள்: என் கண்ணு பொறந்ததுல இருந்தே முட்டக்கண்ணுடா எல்லப்பா. அதுக்கு இன்னா பண்ண?

எல்லப்பன்: முந்தானைய இழுத்து வுட்டுக்கோ. ஏலம் என்னிக்கு?

சூசையம்மாள்: திங்கக்கெழம, பத்து மணிக்கு. புயல்ல கர ஒதுங்கினதுல போணி ஆவாத ரெண்டு படகு கீதாம். என் தம்பி சின்னதம்பிக்கு ஒண்ணு எடுக்கணும். எத்தினி நாளு அவன் அடுத்தவன் படகுல ஏறி அரப் பங்குக்கு நிப்பான்? நீதான் ஏலத்துல எடுத்து எடுத்து பின்னாடி பூரா படகா கவுத்து வெச்சிகீறியே. அதான் உன்னாண்ட வந்தேன்.

எல்லப்பன்: நல்லா கேளு. எவனுக்கும் சொல்லாதத உனக்குச் சொல்றேன். உன் ஊட்டுக்காரரு ஞானதாஸ் அண்ணன் படகுல ஆறு வருசம் ஏறினவன் நான். அவரு இருந்தா...

சூசையம்மாள்: இருந்தா இன்னா இருந்தா? எங்கனா கரையேறி கீறாரு. வருவாரு.

எல்லப்பன்: அக்கா... புயல் அடிச்சு ஆறு மாசம் ஆவுது.

சூசையம்மாள்: மாதா கோயில் சாமியாரும் அதத்தான் சொல்றாரு. ஆத்துமாவுக்குப் பூச வெக்கலாமானு கேக்கறாரு. உசுரோட கீற ஆளுக்கு எதுக்கு பூசன்னு கேட்டுட்டு வந்துட்டேன். அத வுடு. ஏலத்தச் சொல்லு.

எல்லப்பன்: சரி... மொத நாளே போயி பாத்துடணும். ஏலத்தன்னிக்குப் போறவன் கூட்டத்தத்தான் பாப்பான், படகப் பாக்கமாட்டான். அடிப்பலகையத் தட்டிப் பாரு. சத்தம் பொத்துனு கேட்டா, உள்ள இத்துப் போச்சுனு அர்த்தம்.

சூசையம்மாள்: கணீர்னு கேட்டா?

எல்லப்பன்: கேட்டா சிரிக்காத. 'த்தூ, அத்தினியும் செல்லரிச்சது'னு நாலு பேரு காதுல வுழறாப்ல சொல்லிகினு, ஒரு பீடியப் பத்த வெச்சிகினு நவுந்துடணும்.

சூசையம்மாள்: பீடிக்கு நான் எங்கடா போவேன்?

எல்லப்பன்: வெத்தலயப் போட்டுத் துப்பேன். துப்பறதுக்கு உனக்குச் சொல்லித் தரணுமா?

சூசையம்மாள்: வாயப் பாரு! மேல சொல்லு.

எல்லப்பன்: நோட்டீசுதான் முக்கியம். யாரனா வுட்டு படிக்கச் சொல்லு. படகுனு போட்டிருந்தா படகுக்காரன் பத்து பேரு வருவான். ஒடஞ்ச மரம்னு போட்டிருந்தா விறகுக் கடைக்காரன் மட்டுந்தான் வருவான். அவன் அடுப்ப நெனச்சிகினு வெல கேப்பான். அங்க போயி நீ நின்னா... மஜாதான்.

சூசையம்மாள்: நல்ல படகப் போயி எவன்டா ஒடஞ்ச மரம்னு எழுதுவான்?

எல்லப்பன்: எழுத வெக்கணும்.

சூசையம்மாள்: எப்பிடி?

எல்லப்பன்: கணக்கெடுக்க ஆளு வர்றதுக்கு முன்னாடி போயி... சேறு, ஒடஞ்ச பலக, கிழிஞ்ச வல, எல்லாத்தையும் அள்ளி மேல போட்டுடணும். வர்ற ஆளு சேத்துல எறங்குவாரா? தூர நின்னு பாத்து எழுதிகினு பூடுவாரு.

சூசையம்மாள்: நீ அப்பிடிப் போட்டியா?

எல்லப்பன்: ஒரு தபா. ஒரே ஒரு தபாதான்.

சூசையம்மாள்: ம்... சரி, வாய எப்பத் தொறக்கணும்?

எல்லப்பன்: தொறக்கவே கூடாது. அவனுங்க கத்திகினு கெடக்கட்டும். ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணுனு சொல்ல அவரு வாயெடுப்பாரு பாரு, அப்பத் தூக்கு கைய. மத்தவன் யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். இன்னொண்ணு, முழுசா கேக்காத. எல்லாரும் எரநூறுனு மனசுல வெச்சிகினு வந்து அதுலயே நிப்பானுங்க. நீ எரநூத்திப் பதினொண்ணு கேளு.

சூசையம்மாள்: எரநூத்திப் பதினொண்ணு.

எல்லப்பன்: ஆமா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சூசையம்மாள்: அந்த ஒரு தபா எடுத்தியே, அது இந்த வெலைக்குத்தானா?

எல்லப்பன்: அதையே ஏன்க்கா கேக்கற? தண்ணி குடிக்கிறியா?

சூசையம்மாள்: வாணாம். முருங்கமரத்தாண்ட தார் அடிச்சு கவுத்து வெச்சிகீறியே, அதானா?

எல்லப்பன்: அதாண்ட போவாதக்கா! தார் காயல. பொடவைல ஒட்டிக்கும்.

சூசையம்மாள்: நான் எங்கடா போனேன்? இங்கதானே குந்திகினு கீறேன். இன்னாடா, மூஞ்சி இப்பிடி வேர்க்குது?

எல்லப்பன்: அக்கா... நீ திங்கக்கெழம போவாத.

சூசையம்மாள்: ஏன்? வெல ஏறிடுமா?

எல்லப்பன்: நீ எதுக்குக்கா எவனோ படகுக்குப் போயி நிக்கணும்... முருங்கமரத்தாண்ட கீறது அண்ணனோட படகு. பசியாவரம் ஊருக்கு அந்தாண்ட சேத்துல கெடந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. அடிப்பலகைல ஒட்டு வெச்சதே நான்தானே. ஓடியாந்து உன்னாண்ட சொல்லியிருக்கணும். சொல்லல. ஆசதான்க்கா... மத்ததெல்லாம் ஒடச்சு விக்கறதுக்கு. எனக்குனு ஓட்ட ஒரு படகு, விறகு வெலைக்கு. கண்ண மறச்சுடுச்சு. கைக்கு வந்தப்பறம் ஒரு நாளு தண்ணில எறக்கல தெரியுமா? தூக்கமும் பூடுச்சு.

சூசையம்மாள்: அழாதடா.

எல்லப்பன்: எடுத்துக்கோக்கா. ஒரு பைசா வாணாம். சின்னதம்பிய வரச்சொல்லு. இப்பவே தூக்கியாந்து உன் ஊட்டு வாசல்ல போட்டுடறோம்.

சூசையம்மாள்: வாணாம்.

எல்லப்பன்: கோவமா? நாலு அடி அடிச்சுடு. வாணாம்னு மட்டும் சொல்லாத.

சூசையம்மாள்: கோவம் இல்லடா. நெல்லூர்ப் பக்கம் எவனுக்குனா வித்துடு. நம்ம கோட்டைக்குப்பம் கரைல மட்டும் எறக்காத. அதச் சொல்லத்தான் வந்தேன். தார் அடிக்கிறேனு கேள்விப்பட்டேன்.

எல்லப்பன்: உனக்கு... தெரியுமா?

சூசையம்மாள்: அன்னிக்கு ஏலத்துல விறகுக் கடைக்காரனுங்களுக்குப் பின்னாடி மீன்கூடைய வெச்சிகினு நின்னேன். நீ கைய தூக்கினதப் பாத்தேன்.

எல்லப்பன்: பாத்துட்டா சும்மா இருந்த? ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த, 'எங்க படகு'னு கத்தியிருந்தா குடுத்திருப்பாங்களேக்கா! நான் செஞ்சது துரோகந்தான். ஆனா எங்கம்மா மேல சத்தியமா, படகுல எழுதியிருந்த பேர மட்டும் நான் அழிக்கல. அழிக்கத்தான் கத்தி எடுத்துகினு போனேன். போயி பாத்தா எனக்கு முன்னாடியே எவனோ சுரண்டி வெச்சிருந்தான். எந்தப் பாவியோ...

சூசையம்மாள்: நான்தான்டா. கர கரயா அவரத் தேடிகினு போனப்போ, மொதல்ல பாத்தது நான்தான். எழுத்து தெரியாதே எனக்கு... எது அவரு பேரு, எது மாதா பேருனு புரியாம, கிளிஞ்சல வெச்சு அத்தினி பெயிண்டயும் சுரண்டினேன். படகு மட்டும் வந்துடுச்சுன்னா... ஆளு இனிமே வரமாட்டாருனு எழுதிடுவாங்கல்ல?