‘நமது நிருபர்’ வேலையை விட்ட பிறகு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ். சாயங்கால நெரிசல். எனக்கு முன் சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்தம்மா திடீரென்று சொன்னார்:

“அதுலேர்ந்து உங்க போட்டோவையாவது எடுத்துடுங்க.”

“சொந்த வலைப்பூ. எழுதறவன் மூஞ்சி இல்லாம எப்படி?”

“பேப்பர்ல பத்தொன்பது வருஷம் மூஞ்சி இல்லாமதானே எழுதினீங்க? ‘நமது நிருபர்’னு போடுவாங்க. திட்டறவன் ஆபீசுக்கு போன் பண்ணுவான். இப்ப எங்க வருவான்?”

“அந்த ஏரி நியூஸைப் போட மாட்டேன்னுட்டாங்க. அதனாலதானே வேலையை விட்டேன்?”

“ஏரியை பிளாட் போட்டவன் பேரும் அதுல இருக்கு, உங்க பேரும் இருக்கு. ஸ்ரீரங்கத்துல குடியிருக்கேன்னு வேற எழுதியிருக்கீங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

“பயப்படாத. நேத்துதான் போட்டேன். மொத்தமே பதினாலு பேர்தான் படிச்சிருக்காங்க. நம்ம குடும்ப குரூப்புக்கு மட்டும்தான் லிங்க் அனுப்பினேன்.”

அந்தம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மாமனார், நாத்தனார், திருவெறும்பூர் சித்தப்பா என்று ஒவ்வொருவராக முணுமுணுத்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“உங்களையும் சேர்த்து குரூப்ல பதிமூணு பேர்தாங்க.”

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. புருஷன் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்துப் பார்த்தார்.

“இப்ப பதினஞ்சு” என்றார்.