முப்பத்தெட்டுப் பறவைகள்

ஓரம் மடிக்காமல் தைப்பதைச் சோம்பேறித் தையல் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் நினைத்தேன். பாவாடைக்கும் தலையணை உறைக்கும் மடித்துத் தைப்பதுதான் சரி. போர்வையில் தைக்கிற துணிப் பறவைக்கு அது ஆகாது. ஓரத்தை மடித்து அடித்தால் பறவை பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துப் போகும். வெட்டின வெட்டோடு துணியை வைத்து, விளிம்புக்கு ஓர் அரிசி அகலம் உள்ளே தள்ளி மெஷினை ஓட்ட வேண்டும். நாலு நாள் கை பட்டால் விளிம்பில் நூல் பிரிந்து பிசிறு எழும்பும். அந்தப் பிசிறுதான் இறகு.

நீங்கள் தபால் விசாரணைக்கு வந்தவர். ஒரே ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். ரிஜிஸ்தர் தபாலோடு வந்து, கையெழுத்தோடு அனுப்பினவருக்கே திரும்பிப் போகிற அட்டையில் இன்பமேரி என்று எழுதியது யார் என்று. நான்தான் எழுதினேன். அது சின்ன விஷயம். மற்றதையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மேசைமேல் இருக்கிற போர்வையை ஒரு தடவை தடவிப் பாருங்கள். சலசலவென்று கேட்கிறதல்லவா. முப்பத்தெட்டுப் பறவைகள் ஒன்றாகச் சிறகை அசைக்கிற சத்தம் அது. ஏற்காட்டில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது.

என் பெயர் அற்புதம். ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். சர்ச் நடத்துகிற இந்தத் தையல் கூடத்துக்கு டீச்சராக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பெண்கள் காலையில் வருவார்கள், சாயங்காலம் பஸ் பிடித்துப் போவார்கள். அதற்குப் பிறகு நானும் பனியும்தான். பதினோரு வருஷத்தில் எனக்கு வந்த கடிதம் மூன்று. அதில் ஒன்று வேறு யாரோ ஓர் அற்புதத்துக்கு வந்தது. அதையும் நான் படிக்காமல்தான் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறு ஜனவரியில், எஸ்டேட்டை விற்றுவிட்டு மகளிடம் போன ஒரு துரைசானி அம்மா தன் மெஷினை எங்களுக்குக் கொடுத்தார். அதில் துணியைத் தள்ளுகிற பல்லைக் கீழே இறக்கிவிடலாம். இறக்கிவிட்டால் துணியை நம் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் நகர்த்தலாம். ஊசி பென்சில் மாதிரி ஆகிவிடும். ஒரு பறவைப் போர்வை செய்யுங்கள், குயில்ட் என்று பெயர் என்று அந்த அம்மா ஒரு படத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் பெண்களுக்கு அது குயிலுப் போர்வை.

முதல் பறவையை நான் ஓட்டினேன். துணி வழுக்கியது, ஊசி கண்ட இடத்துக்கெல்லாம் போனது. பின்னால் நின்று பார்த்த இன்பமேரி சொன்னாள், "எலிக்கு றெக்க மொளச்ச மாதிரி இருக்குதுங்க அக்கா."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த மலையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்பமேரி வாழவந்திப் பெண். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை. அவளுக்குப் படம் போட யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் கத்தரியை எடுத்தால் துணியிலிருந்து பறவை தானாக எழுந்து வரும். கரிச்சான் வாலில் அந்தப் பிளவு, செம்போத்து தலையைச் சாய்க்கிற சாய்ப்பு எல்லாம் அவள் கையில் இருந்தது. வெட்டுவது அவள், தைப்பது நான். பள்ளிக்கூடச் சீருடை மிச்சத்தில் மீன்கொத்தி. ஃபாதருடைய கிழிந்த அங்கியில் காக்கை.

"பாதரு அங்கியில காக்கா பண்ணுனா பாவமுங்களா அக்கா?"

"ஞாயித்துக்கெழம அது பூசைக்குப் பறந்து போனா பாவம்தான், ஏட்டி."

"அக்கா பேசுனா நல்லதச் சொன்னாக்கூட சண்ட புடிக்கற மாதிரியே இருக்குதுங்க" என்பாள். பிறகு என்னை மாதிரியே "ஏட்டி, ஏட்டி" என்று எல்லோரையும் கூப்பிடுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு ஊசி கோக்க முடியாது. மதியக் கஞ்சியை இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் குடித்தோம். காலையில் அவள் பஸ் வருவதற்கு அரை மணிக்கு முன்னாலேயே நான் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பேன். நாற்பது வயதில் ஒருத்திக்கு இப்படித் தலைகால் புரியாத சந்தோஷம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை.

அவளுக்கு ஒருவனை நிச்சயம் செய்திருந்தார்கள். அருள்சாமி, குப்பனூர்க்காரன். ஒரிசாவில் பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. எண்பத்தேழு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம், பிறகு அவளும் ஒரிசா. எஸ்டேட் முகவரிக்கு எழுதினால் அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் பிரித்துப் படித்துச் சிரிப்பான் என்று இன்பம்தான் தையல் கூடத்து முகவரியைக் கொடுத்தாள். "அக்கா கைக்கு வந்தா கோயில் உண்டியல்ல போட்ட மாதிரிங்க" என்றாள். தபால்காரர் அங்கப்பன் எல்லாக் கடிதத்தையும் என்னிடம்தான் கொடுப்பார். அவளுடைய கடிதங்களைத் தபாலில் சேர்ப்பதும் நான்தான்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இப்படித் தைக்கும்போது துணிக்கு அடியில் ஒரு காகிதம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி சுருங்கிவிடும். தைத்து முடித்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். அன்றைக்குக் கரிச்சான் தைக்க உட்கார்ந்தபோது மேசையில் நல்ல காகிதம் ஒன்றுதான் இருந்தது. நீல இன்லேண்ட் லெட்டர், அருள்சாமி எழுதியது. இன்பம் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல். நான் அதைப் பிரித்து, பறவை அளவுக்கு வெட்டி, அடியில் வைத்துத் தைத்தேன். ஊசி அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னால் ஓடியதில்லை. கிழிக்க மனம் வரவில்லை. பஞ்சும் அடித்துணியும் வைத்து நாலு பக்கமும் மூடிவிட்டேன். கையில் எடுத்து மடித்தபோது கரிச்சான் சிறகடித்தது.

மறுநாள் இன்பம் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க வெச்சீங்க?" என்றாள்.

"காயிதம்தான். கிழிக்காம விட்டேன், சத்தம் வரட்டும்னு."

நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாப் பறவைக்கும் அதே காகிதம் வேண்டும் என்று அவளே சொன்னாள். வாரத்துக்கு ஒரு கடிதம், வாரத்துக்கு ஒரு பறவை. பதில் கிடைக்காதவன் அதிகமாக எழுதுவான் என்பதை நான் முன்னாடி யோசித்திருக்கவில்லை. ஏப்ரலில் அவன் ஆறு எழுதினான். ஏப்ரலில் ஆறு பறவைகள். மே மாத மலர்க் கண்காட்சியில் பாதிப் போர்வையைத் தொங்கவிட்டோம். வெளியூர்க் குழந்தைகள் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டார்கள். இன்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அவள் அவனுக்கு எழுதியதையும் வைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நடுக் கட்டத்தில் ஜோடிக் கிளி இருக்கிறது, பாருங்கள். ஒன்றில் அவன் கடிதம், மற்றதில் அவள் கடிதம். மூக்கோடு மூக்கு. நான் இரண்டு பேரையும் பிரித்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்களாம். இதைப் பார்த்தவர் அப்படிப் பேச மாட்டார்.

ஜூனில் அவள் ஒரு வாரம் அழுதாள். "என்னைய மறந்துட்டாருங்களா அக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். குப்பனூர் போய் அவன் அண்ணனிடம் விசாரிக்கிறேன் என்றாள். எழுதாத ஆம்பிளையைத் தேடிக்கொண்டு பெண்பிள்ளை போவதா என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான். அவளும் ரோஷக்காரி. போகவில்லை. மாங்குயிலுக்கு மஞ்சள் பட்டுத் துண்டு ஒன்று கொடுத்தேன். வெட்டினாள். இரண்டு நாளில் பழையபடி சிரித்தாள். ஜூலையில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவன் நிறுத்தவில்லை. அங்கே ஆறு கடல் மாதிரி அகலம், ஒன்பதாவது தூண் எழும்பிவிட்டது, இன்பத்தை அந்தத் தூண்மேல் ஏற்றிக் காட்டப்போகிறான். வெட்டும்போது கண்ணில் படுவது வேறு, படிப்பது வேறு.

அக்டோபர் பதினாலு மதியம் அங்கப்பன் வந்தார். இன்பம் பின்பக்கம் குழாயடியில் தூக்கு கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரிஜிஸ்தருங்க டீச்சர். அந்தப் புள்ளயேதான் கையெழுத்துப் போடோணுமுங்க."

"குடுங்க, உள்ள போய் வாங்கிட்டு வாரேன்."

"வெரசாங்க, வாழவந்தி பஸ்சு போயிருமுங்க."

அவர்மேல் தப்பு இல்லை. உள்ளே போனேன். காதில் செருகியிருந்த பென்சிலால் அட்டையில் அவள் பெயரை எழுதினேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

டிசம்பரில் அருள்சாமியின் அண்ணன் பெரியநாயகம் ஒரு டிரங்குப் பெட்டியோடு நேராகக் கூடத்துக்குள் வந்தார். தம்பியின் பெட்டி. அதிலிருந்து அந்த அட்டையை எடுத்து இன்பத்தின் முன்னால் போட்டார்.

"கையெழுத்துப் போட்டு வாங்குனியே புள்ள. ஒரு வரி எழுத முடியலயா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். "தூணு மேலிருந்து உளுந்துட்டான். எங்களுக்குக்கூட எழுதல. கால எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க. இன்பம் வரட்டும், ஒத்தக் காலோட என்னயக் கட்டிக்கறேன்னு சொல்லட்டும், அப்பறம் எடுங்கன்னுட்டானாம். உனக்கு ரிஜிஸ்தரு போட்டிருக்கான். இந்த அட்டை திரும்பி வந்த அன்னைக்கு, வாங்கிட்டா, இனி வந்துருவான்னு பக்கத்துக் கட்டில்காரங்கிட்டக் காட்டிக் காட்டிச் சிரிச்சானாம். பதினெட்டு நாளு பாத்துட்டே கெடந்து போய்ச் சேந்துட்டான் புள்ள. தலகாணிக்கு அடியில இதுதான் இருந்துது."

பெண்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். இன்பம் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தாள். எங்கள் கூடத்தில் ஒரே ஒரு சிவப்புப் பென்சில்தான் உண்டு. பறவைகளின் கண்ணுக்குப் புள்ளி வைக்க.

"இது கண்ணுக்கு வெக்கற பென்சிலுங்க அக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பிறகு சின்னக் கத்தரியை எடுத்து, கரிச்சானைப் பிரித்தாள். ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள், துணி கிழியாமல். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அது. நீலக் காகிதத்தை வெளியே எடுத்து, தையல் ஓட்டைகளோடு படித்தாள். அவள் போட்டுவிட்டுப் போன அந்தக் காகிதத்தை அன்று ராத்திரியே உள்ளே வைத்துக் கரிச்சானை நான் திரும்பத் தைத்துவிட்டேன். மற்ற முப்பத்தேழையும் அவள் தொடவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அவள் மற்றதைப் பிரிக்காமல் போனதை நான் யோசித்துப் பார்த்தேன். திரும்பி வருவாள் என்றுதான் தோன்றுகிறது. போர்வைக்கு மொத்தம் நாற்பது கட்டம். இன்னும் இரண்டு பறவைகள் பாக்கி. நானும் தினமும் காலையில் ஒண்டிக்கடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அருள்சாமிமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. காகிதம் கொடுத்தவன் அவன்தானே.

போர்வையை முழுசாக விரித்துவிட்டீர்கள். சரி, நீங்கள் கேட்பதற்கும் பதில் சொல்கிறேன். மூலையில் இருக்கிற கொக்கு, ஆமாம், அந்த ரிஜிஸ்தர் கடிதம்தான். மொடமொடப்பான கெட்டிக் காகிதம், கொக்குக்குப் பொருத்தம். அதை முடித்தது அதே அக்டோபர் பதினாலு சாயங்காலம். பெரியநாயகம் வருவதற்கு இரண்டு மாசம் முன்னால். இன்பம் சிஸ்டருடைய பழைய வெள்ளை அங்கியில் கொக்கை வெட்டி, பழுப்புத் துணியில் இரண்டு கால்களும் வெட்டிக் கொடுத்திருந்தாள். பஸ்ஸுக்குப் போவதற்கு முன் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொரு காலு எங்கீங்க?"

"கொக்கு ஒத்தக் கால்லதான் நிக்கும், ஏட்டி. அது போதும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்த இன்னொரு கால் என் ஊசி டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன். அடுத்தவர் கடிதத்தை நான் படிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன், அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.