சுதந்திரம் வாங்கின பி பிளாக்

...அப்டி இன்னாபா கேட்டுட்டேன் நானு? ரெண்டு பக்கெட்டு தண்ணி. அதுக்கு இன்னாமோ உங்க சி பிளாக்கயே எயுதி குடுன்னு கேட்ட மாதிரி, கேட்டுக்கு உள்ள நின்னுகினு மொறைக்கிறியே! தொறக்க வேணாம்பா. தொறன்னு நான் சொன்னனா? சொல்லல. கம்பி வயியாவே பேசறேன். பக்கெட்ட மட்டும் இப்டி கீய வெச்சிக்கறேன், கை கடுக்குது.

நீ புதுசு இல்ல? அனஸ்தான உன் பேரு? போன வாரம் பூந்தமல்லிலருந்து சாமான் வந்து எறங்குச்சே, பாத்தேன். அதான் உனக்கு இந்த எடத்தோட சரித்திரம் தெரியல. தெரிஞ்சிருந்தா இந்நேரம் நீயே தண்ணி மொண்டு என் ஊட்டு வாசல்ல வெச்சிருப்ப. நான் யாருன்னு நெனச்ச? பக்தவத்சலம். பி பிளாக் செக்ரட்ரி. அம்பத்தூர் எஸ்டேட்ல டைம்கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும், எவனா இருந்தாலும் கேட்டுக்கு வெளியதான் நிறுத்துவேன். அயுவான்ங்க, கெஞ்சுவான்ங்க. ம்ஹூம். ரூல்ஸ்னா ரூல்ஸு.

இரு, போன் அடிக்குது... சொல்லு சாமுண்டி... ம்... கேட்டுகினுதான் கீறேன்... கண்ண நல்லா மூடிக்க, தொறந்தா எரியும்... அஞ்சே நிமிஷம்.

ஊட்டுக்காரம்மா. தலைல சீயக்காயோட பாத்ரூம்ல உக்காந்துகினு கீறா. தேச்சி முடிச்சி பைப்ப திருப்புனா, புஸ்ஸுனு காத்து வருது! இன்னிக்கி பத்து மணிக்கு எம் பொண்ணு மோகனப்பிரியாவுக்கு குமணன்சாவடி மண்டபத்துல நிச்சயதார்த்தம்பா. மாப்ள ஊட்ல ரொம்ப மரியாத பாக்கறவங்க. பொண்ணோட அம்மா தலைல பச்ச மண்ணு பூசுன மாதிரி போய் நின்னா இன்னா நெனப்பாங்க? லாரி தண்ணி சொல்லலாம்னா, மெட்ரோ வேலைக்கு ரோட்ட அடச்சி வெச்சிகினு கீறான்ங்க. கேன் தண்ணி கட தொறக்க எட்டு மணி ஆவும். ஏ பிளாக்ல கேக்கலாமேன்றியா? செத்தாலும் கேக்க மாட்டேன்! அங்க போய் நிக்கக் கூடாதுன்னுதான சுதந்திரமே வாங்குனோம்.

ஆமாம்பா, சுதந்திரம்தான். சிரிக்காத. அப்பல்லாம் மூணு பிளாக்குக்கும் சேத்து ஒரே போர்வெல்லு. அது ஏ பிளாக்ல. சாவி அவங்க செக்ரட்ரி உலகநாதன் இடுப்புல. காலைல ஆறுலருந்து ஆறரை வரைக்கும்தான் எங்களுக்கு. ஊட்டுக்கு ரெண்டு பக்கெட்டு. அதுக்கு ஒரு தகர போர்டு வேற, 'பி பிளாக் கவனத்திற்கு'ன்னு! நேரம் போட்டு, அளவு போட்டு, அடில 'வாக்குவாதம் செய்யக் கூடாது'ன்னு செவப்புல. கேட்டா அந்த ஆளு சொல்றாரு, 'உங்களுக்கு இன்னும் தனியா மோட்டார் ஓட்டற பக்குவம் வரல'ன்னு. இன்னா திமிரு பாரு! மோட்டார் ஓட்ட இன்னாபா பக்குவம்? சுவிட்ச போட்டா ஓடப் போவுது.

போராடுனோம். காலி பக்கெட்ட தட்டிகினு ஊர்வலம் போனோம். எனக்கு நெத்தில ரத்தம். அது... என் பக்கெட்டே பட்டதுதான், இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான? கடசில தனி மீட்டரு, தனி தொட்டி, தனி சங்கம். அந்த தகர போர்ட இந்த கையாலயே புடுங்கிகினு வந்தேன். வருசா வருசம் அந்த நாளுக்கு கொடியேத்தி ஆரஞ்சு முட்டாய் குடுக்கறோம். உங்க சி பிளாக்குக்கும் உண்டு. வெளிய நின்னு வாங்கிக்கலாம்.

சரி, சுதந்திரம் வந்திச்சி. தண்ணி வரணுமில்ல? எங்க எடத்துல போர் போட்டா, உப்பு. வாய்ல வெக்க முடியல. அப்பறம்தான் உங்க சி பிளாக் பின்னாடி பாத்தோம். காலி எடம். யாருமே இல்ல. அதாவது... துணி காஞ்சிகினு இருந்திச்சி. நாகம்மா இட்லிக்கடைக்கு மாவாட்டற கிரைண்டர் இருந்திச்சி. நாலு பேரு கட்டில் போட்டு உக்காந்து பேசிகினு இருந்தாங்க. மத்தபடி காலி.

போட்டோம் பாரு, எளநி மாதிரி தண்ணி! உங்க மண்ணுதான், நான் இல்லன்னனா? ஆனா மோட்டார் யாருது? கரண்டு யாருது? அந்த தண்ணி அது பாட்டுக்கு கீய தூங்கிகினு இருந்திச்சிபா. எயுப்பி மேல கொண்டாந்தது நாங்க. எங்க தொட்டிக்கு ஏத்தி, அங்கருந்து உங்களுக்கே திருப்பி குடுத்தோம். ஆறுலருந்து ஆறரை வரைக்கும். ஊட்டுக்கு ரெண்டு பக்கெட்டு.

ஏன் அப்டி பாக்கற? ஒரு ஒயுங்கு வேணாமா?

தண்ணி மட்டுமா குடுத்தோம்? கேமரா வெச்சி குடுத்தோம். உங்க பக்கம்தான் பாக்கும், உங்க நல்லதுக்கு. உங்க பொம்பளைங்க கோலம் கோணலா போடறாங்கன்னு ஆள் அனுப்பி சொல்லி குடுத்தோம். வாட்ஸப் குரூப்புல சேத்தோம். நீங்க எதுவும் போட முடியாது, செக்ரட்ரி மட்டும்தான் போடலாம், ஆனா எவ்ளோ வேணா படிக்கலாம் இல்ல? உங்க ஆளு உத்தமனுக்கு 'துணைச் செயலாளர்'னு பதவி குடுத்து பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு குடுத்தோம். பாவம், மொத வாரமே கால் ஒடஞ்சிச்சி. நாற்காலிக்கி.

இவ்ளோ பண்ணதுக்கு, போன மாசம் மீட்டிங்ல உங்க உஸ்மான் கனி எந்திரிக்கறாரு. 'சார், மோட்டார் ரூமுக்கு எங்களுக்கும் ஒரு சாவி வேணும்'ன்றாரு. நான் பொறுமையா சொன்னேன், உங்களுக்கு இன்னும் அந்த பக்குவம் வரலன்னு. ஒடனே அந்த மனுசன், 'அடிமையா இருந்தவனே ஆண்டையா மாறிட்டா யார்கிட்ட சார் போய் சொல்றது?'ன்னு கேக்கறாரு. எனக்கு வந்திச்சி பாரு கோவம்! யாரப் பாத்து?

நீயே சொல்லு. நம்ம நாட்டயே எடுத்துக்க. வெள்ளக்காரன்கிட்ட எத்தினி வருசம் ஒத வாங்குன நாடு! ஒத வாங்குன நாடு போய் இன்னொருத்தன் எடத்த புடிக்குமா? அப்டியே புடிச்சாலும் அது புடிக்கறதா? பாதுகாக்கறது! வெள்ளக்காரன் செஞ்சா அது அடக்குமுற. நாம செஞ்சா அது அக்கற. அதுவும் இல்லாம, ஒரு நாட்ட ஆளணும்னா கப்பல் வேணும்பா. அவன் கப்பல்ல வந்தான். எங்கிட்ட கப்பலா கீது? ஒரு ஓட்ட ஸ்கூட்டர் கீது. ஸ்கூட்டர்ல போய் எவனாவது எவனயாவது அடிமப்படுத்தியிருக்கானா? கேட்டேன், மைக்லயே கேட்டேன்.

அதுக்கு உஸ்மான் கனி, 'கடல் தாண்டி வர்றவனுக்குத்தான் சார் கப்பல். பக்கத்து பிளாக்லருந்து வர்றதுக்கு செருப்பு போதும்'ன்னுட்டாரு. எல்லாம் சிரிக்குது. எங்க பி பிளாக்கே சிரிக்குது!

சாமுண்டி, சொல்லு... இல்ல, சண்ட போடல, வெளக்கிகினு கீறேன்... காஞ்சிபோச்சா? எச்சி தொட்டு வையேன்... சரி சரி, கத்தாத.

எங்க வுட்டேன்? ஆங், சிரிச்சாங்க. அப்டியா சேதி, அவ்ளோ சூடு சொரண இருந்தா தனியா போங்கடான்னு சொல்லிட்டேன். மறுநாளே மேஸ்திரி பால்ராஜ வரச்சொல்லி, எங்க பிளாக்குக்கும் உங்க பிளாக்குக்கும் நடுவுல நானே கோடு போட்டு குடுத்தேன். சொவரு! ஆளு ஒசரம். உங்க காத்து கூட எங்க பக்கம் வரக் கூடாது. அந்த பயைய தகர போர்ட எடுத்து, 'பி'ய பெயிண்ட்ல மறச்சி 'சி'ன்னு எயுதி, உங்க பக்கம் பாக்கற மாதிரி சொவத்துல நானே ஆணி அடிச்சேன்.

பால்ராஜ் அப்பவே தலைய சொறிஞ்சான்... 'சார், கோடு இப்டி போனா மோட்டார் அந்தாண்ட போயிடுமே'ன்னு. நான் இன்னா சொன்னேன்? 'நிர்வாகம் எங்களுக்குத் தெரியும், நீ கல்ல வை'ன்னேன். வெச்சிட்டான். நேத்து சாயங்காலம்தான் முடிச்சான். நேரா வெச்சிட்டான் பாவி, ஒரு அங்குலம் கூட கோணல் இல்ல. அத நான் ராத்திரி படுக்கும்போதுதான் யோசிச்சேன். இன்னிக்கி காலைல எந்திரிச்சா, எங்க ஒயர கயட்டிட்டு உங்க மீட்டர்ல மாட்டியாச்சி, மோட்டார் ரூமுக்கு நாகம்மா பூட்டு போட்டாச்சி, சாவி உன் வெரல்ல சுத்திகினு கீது.

சரி போனது போவட்டும். நான் ஒண்ணு சொல்றேன் கேளு, உன் நல்லதுக்கு. உங்களுக்கு பின்னாடி மெட்ரோ வேலைக்கு வந்த புள்ளைங்க தகர ஷெட்ல கீதுங்க பாரு, தண்ணி இல்லாம அல்லாடுதுங்க. நாளைக்கே உங்ககிட்டதான் வந்து நிக்கும். மொதல்லயே நேரம் வெச்சிடு. ஷெட்டுக்கு ரெண்டு பக்கெட்டு... ஒண்ணு கூட போதும். மொதல்ல மனசு கேக்காது, அப்பறம் பயகிடும். உங்க சங்கத்துல ஆலோசகர்னு எனக்கு ஒரு போஸ்ட் குடுங்க, சம்பளம் வேணாம், காலைல ரெண்டு பக்கெட்டு போதும். போர்டு நானே எயுதித் தரேன். எனக்கு அது மனப்பாடம்...

இன்னா, கைய காட்டற? போர்டா? அது நான் அடிச்ச போர்டுதான... அட, என் பெயிண்ட சொரண்டிட்டீங்களா? பயைய 'பி' அப்டியே பளிச்சுனு கீது. பி பிளாக் கவனத்திற்கு... ஆறுலருந்து ஆறரை... சரிதான், நான் வரும்போது ஆறு அஞ்சுதான. இப்ப மணி இன்னா?

ஆறு முப்பத்தொண்ணா?

தம்பி... ஒரு நிமிஷம்பா. ஒரே ஒரு நிமிஷம்! அதுல இன்னா குடி முயுகிப் போவுது? ஏ அனஸு! எங்க போற? நான் வாக்குவாதமா பண்ணேன், பேசிகினுதான இருந்தேன்! டேய், ஒரு பக்கெட்டாவது... நைனா...

...ம், சொல்லு சாமுண்டி. ...ஆங். ...கண்ண மட்டும் தொறக்காத. பேச்சுவார்த்த நல்லபடியா போய்கினு கீது.