கம்பெனி முதலாளி வந்தாச்சு

அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். நான், என் தம்பி, அம்மா. முதல் நாள் மட்டும் கீழ்வீட்டு மேனேஜர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போதாததால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பெற்றவள் கண்ணெதிரில்தான் நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை, டாக்டர்.

தம்பி கல்லூரி முடித்த கையோடு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினான். நல்ல மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வானால் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஏதாவது பயிற்சி மையத்தில் சேர்க்கலாம் என்றாள் அம்மா. எதற்கு, நான் இருக்கிறேனே, வீட்டிலேயே கேள்வி கேட்டுப் பழக்குகிறேன் என்றேன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் பேச்சுதான் என் பிழைப்பு. ராத்திரி ஷிஃப்டில், ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து போனில் பதில் சொல்கிறேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாங்கிய பொருள் ஓட்டை என்று அழைப்பவர்களிடம் நாங்கள் முடியாது என்று சொல்வதே இல்லை. சொன்னால் சண்டை வரும். "புரியுது சார், இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்போம். அதற்குப் பதில் வந்தால் இன்னொன்று. பெட்டியைப் பிரித்தது யார்? நீங்களா? நிச்சயமாகத் தெரியுமா? கத்திக்கொண்டு வந்தவர் கொஞ்ச நேரத்தில் தன் மேல்தான் தப்போ என்று யோசிக்க ஆரம்பிப்பார். பிறகு அவரே போனை வைத்துவிடுவார். நான் யார் அழைப்பையும் துண்டித்ததில்லை. எங்கள் பிரிவில் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் தம்பி சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றேன்.

"முதல்ல நீ அந்த நைட்டிய மாத்திட்டு வாக்கா. பேனல் மாதிரியே இல்ல."

"சேர்மன் சொல்றாருல்ல, போடி," என்று அம்மா சிரித்தாள். வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டதும் அவன் விளையாட்டை நிறுத்தினான். "எங்கப்பா ஃபேன், லைட்டு விக்கிற கடை வெச்சிருந்தார். ஆளுங்க வந்துட்டேதான் இருப்பாங்க. அப்படியும் மூடிட்டோம். அவ்வளவு கூட்டம் வந்த கடை ஏன் மூடுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். "பொளந்து கட்டிட்டாம்மா உன் பையன். இதுக்கு மேல எவன் என்ன கேக்க முடியும்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவன் போய்விடுவான் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையில் நான் வேலை முடிந்து வரும்போது, மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவைத் திறப்பவன் அவன்தான். எங்கள் வீட்டு அழைப்பு மணியை நான் அழுத்தியதே இல்லை. "கம்பெனி முதலாளி வந்தாச்சு" என்பான். டீ தயாராக இருக்கும். யாரும் என்னைத் திட்டாத நேரம் அது. அவன் போய்விட்டால் அந்தக் கதவு சாத்தியே கிடக்கும். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறவள்.

போகாதேடா என்று சொல்லியிருக்கலாம். எனக்காக இருந்துவிட்டு என்னை வெறுத்திருப்பான். போனில் கத்துகிறவர்களைப் போல அவனே வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மேனேஜர் பாராட்டியே பையனைக் கெடுக்கிறார் என்று சொல்லி அவரை நிறுத்தினேன். அடுத்த நாள் கேட்டேன்: "கடைய எப்ப மூடுனீங்க?"

"நான் ஸ்கூல் முடிக்கறதுக்கு முன்னாடி."

"காலேஜ்ல சேர்ந்த பிறகு இல்லையே?"

"இல்லக்கா. முன்னாடின்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். நான் குரலை உயர்த்தவில்லை. "புரியுது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. உங்க காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்துச்சு?"

"ஏன்டி அதெல்லாம் கிளர்ற?" என்றாள் அம்மா.

"அங்க இதைவிட மோசமா கேப்பாங்கம்மா."

அம்மா மறுபடியும் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

கடை அவன் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே மூடியாகிவிட்டது. கூட்டாளி ஏமாற்றியதால் மூடியது. சாவியை அப்பாவோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஃபீஸ் கட்டியது என் சம்பளம். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனுக்கு எதிராக ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டேன், தினமும். கடை போன பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை. தன் ஃபீஸால்தான் கடை போனது, அதனால்தான் அப்பாவும் போனார் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டது அவன்தான்.

பிறகு அவன் மற்றவற்றையும் கேட்க ஆரம்பித்தான். "அக்கா, நான் சாப்பிட்டேனா?" என்பான். தட்டு அவன் முன்னால் காலியாக இருக்கும். காலையில் கதவைத் திறக்கும் முன் உள்ளேயிருந்து, "அக்காதானே? நிச்சயமா?" என்பான். விளையாடுகிறான் என்று இரண்டொரு நாள் நினைத்தேன். விளையாட்டில்லை என்று தெரிந்த பிறகும் பயிற்சியை நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்தே செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வில் முதலில் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டு, தப்பாக இருக்கலாம், யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றானாம். பேனலில் இருந்த பெண்மணி ஒருவர் எங்களுக்குப் போன் செய்தார். "மார்க் ரொம்ப நல்லா இருக்கும்மா. உடம்பு சரியில்லையா அவருக்கு? அடுத்த வருஷம் கண்டிப்பா வரச் சொல்லுங்க."

"புரியுது மேடம்," என்றேன். அவரே வைத்துவிட்டார்.

அவன் எங்கும் போகவில்லை. ஆனால் கதவையும் திறப்பதில்லை. நான் வெளியே நின்று அக்காதான்டா என்பேன். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். அம்மா எழுந்து வரும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன்.

அவனைச் சீக்கிரம் சரி செய்து வீட்டுக்கு அனுப்புங்கள். நான் பக்கத்தில் இருந்தால் தேறிவிடுவான். என்னைவிட அவனைத் தெரிந்தவர் யாருமில்லை.

இன்று காலை இங்கே சேர்க்கும்போது வார்டு உதவியாளர் அவனிடம் பெயரைக் கேட்டார். சரியாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் தலையசைத்திருந்தால் போதும்.

"புரியுது," என்றேன். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. நிச்சயமாத் தெரியுமா?"

உதவியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திப் பூட்டினார்.