மொட்டையான நொச்சி வேலி

1936 நவம்பர் 12, வியாழன். காலையில் காவிரிக் குளியல், பகலில் ஆபீஸ், மாலையில் வழக்கம்போல் ஸ்ரீரங்கம் பஸ். முன்சீட்டில் ஒரு தம்பதி.

"ஊருக்கெல்லாம் ஜலதோஷம் போயிடுச்சு. கூடவே நம்ம கத்தரித் தோட்டமும் போயிடுச்சு" என்றாள் மனைவி.

"நொச்சித்தழை போட்டு ஆவி பிடிங்கன்னு சொன்னது ஒரு தப்பா?"

"தப்பே இல்லீங்க. நம்ம வேலியிலேயே ஒடிச்சுக்குங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது தர்மம். கொம்போட ஒடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப மாடு நேரா உள்ள வருது."

"மிச்சப் பாத்தியையாவது காப்பாத்தணுமே. மாட்டை விரட்ட வேண்டியதுதானே?"

"பாவம், அதுக்கு என்ன சீக்கோ! விசாரிச்சு நீங்களே ஒரு மருந்து சொல்லுங்க."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, எங்கள் வீட்டு நொச்சி வேலியின் தெருப்பக்கம் முழுவதும் முள் வைத்துக் கட்டினேன்.