தூசின்னு சொன்னது

ஹலோ... அண்ணி? அப்பாடா, எடுத்தீங்களே... நான்தான், லேப் போன்லேருந்து பேசுறேன். என் நம்பர்னா எடுக்க மாட்டேங்கிறீங்க, வேற என்ன பண்றது...

ஆமா, ஆமா, உங்க தம்பி சொன்னாரு. "அக்கா பெட்டியோட கிளம்பிட்டாங்க, நீ என்ன சொல்லித் தொலைச்சே"ன்னு என்னைக் குதறிட்டாரு... எங்க இருக்கீங்க?... சரி, சொல்ல வேணாம்.

நானா? உங்களத் தூசின்னா?... எப்போ?

ஐயோ... ஆமா. சொன்னேன்... வைக்காதீங்க, வைக்காதீங்க! அது எங்க புரொபசர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். "எங்க வீட்ல நாத்தனார்தான் தூசி"ன்னு... ஆமா, சிரிச்சேன்... அண்ணி, எங்க லேப்ல தூசின்னா அது பெரிய பட்டம்.

நக்கல் இல்ல. கேளுங்க. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்ல...

நட்சத்திரங்களுக்கு நடுவுல ஹைட்ரஜன் அணு தனித்தனியா அலையும்... ம்... எப்பவாவது ரெண்டு மோதிக்கும். ஆனா சேராது. சேரும்போது ஒரு சூடு கிளம்பும், அதை இறக்கி வைக்க அங்க இடம் கிடையாது. அந்தச் சூட்டுலயே பிச்சுக்கிட்டு ஓடிடும்... ஆமா, எங்கள மாதிரியேதான். நீங்க எங்களோட இருக்க வர்றதுக்கு முன்னாடி, ஒரு திரைச்சீலைக் கலருக்காக ரெண்டு பேரும் தனித்தனியா உங்களுக்குப் போன் போட்டு அழுதோமே!

தூசி இருந்தா கதையே வேற. பொடிப்பொடியா, மேல ஐஸ் படிஞ்சு, அப்படி ஒரு குளிர்ச்சி. அதுமேல ரெண்டும் ஒட்டும், மெதுவா ஊர்ந்து ஒண்ண ஒண்ணு கண்டுபிடிக்கும். சேரும்போது வர்ற சூட்டை அந்தத் தூசி வாங்கிக்கும். வாங்கிட்டு வாயே திறக்காது... அழாதீங்க அண்ணி.

என்ன?... சேந்ததுக்கு அப்புறமா?

அது... பறந்து போயிடும்... ரெண்டும்தான், ஒரே மூலக்கூறா... தூசி அங்கேயேதான் கிடக்கும்.

அண்ணி?

ஓ... எனக்கு வந்த வெளிநாட்டு வேலையப் பத்தி அவரு சொல்லிட்டாரா... ஆமா. புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் விசாவாம்... அப்போ நீங்க அந்த ஒரு வார்த்தைக்காகக் கிளம்பல.

அண்ணி, இத்தனை வருஷமா லேப்ல இதையேதான் பாக்குறேன். எத்தனை சேந்துச்சு, எத்தனை பறந்துச்சுன்னு எண்ணிருக்கேன். அந்தத் தூசிய ஒரு தடவைகூட நான் யோசிச்சதில்ல.

ம்... ம்... நான் இன்னும் சரின்னு சொல்லல... தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீங்க இல்லாத வீட்ல அவரோட தனியா இருக்கப் பயமா இருக்கு. போகவும் ஆசையா இருக்கு. இதை உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள பெட்டியத் தூக்கிட்டீங்க.

அது என்ன சத்தம், ரயில் வந்துடுச்சா?... ஏறாதீங்க... இல்ல, போகணும்னா அடுத்த வண்டியில போங்க, நான் தடுக்கல. அதுக்குள்ள வந்துடுறேன்... ஆமா, நான் இல்லன்னா இங்க ஓடிட்டிருக்கிற சோதனை பாழாப் போகும். ரெண்டு வார வேலை. போகட்டும்... எந்த பிளாட்பாரம்?

அண்ணி... நம்பர் மட்டும் சொல்லுங்க.

...

ஏழா?... சரி. பெஞ்சுல உக்காருங்க, நிக்காதீங்க. வரேன்.