சோலை சீவிய மூன்று ஆணிகள்

குண்டு விழுகிறது. முதலில் ஊளைச் சத்தம். அப்புறம் தொம். ஆற்றுத் தண்ணீர் பனை உயரம் எழும்பி என் மேல் கொட்டுகிறது. இடது காது அடைத்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். கையில் உளி, அதை அடிக்கும் மரச்சுத்தி கொட்டாப்புளி. தலைக்கு மேல் மரப்பாலம். அதன் மேல் எங்கள் ஆட்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

1962. நவம்பர். வடகிழக்கு மலை. சீனாக்காரன் பின்னாலேயே வருகிறான். எல்லோரும் இக்கரை சேர்ந்ததும் பாலத்தைச் சாய்க்க வேண்டும். அதுதான் உத்தரவு. வெடிமருந்து நனைந்துபோயிற்று. மிச்சம் இருந்தது உளிதான்.

அந்தப் பாலத்தைக் கட்டியதும் நாங்களே. நானும் சோலையும். இருவரும் வலையபட்டியில் வேறு வேறு தச்சாசாரி வீட்டுப் பிள்ளைகள். என் தங்கை வள்ளியைக் கட்டியவன் சோலை. பட்டாளத்திலும் எங்களுக்குத் தச்சு வேலைதான். நடுவில் இரண்டு உத்திரங்கள் சேரும் இடத்தில் மூன்று மர ஆணிகள்; பாலம் நிற்பதே அவற்றில்தான். தலையை நீட்டி விடுங்கள், வேண்டும்போது தட்டிக் கழற்றலாம் என்றார் சுபேதார். சோலைக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் செட்டியார் வீட்டு வாசல் நிலைக்கு ஆணி அடித்தால், விரலுக்குத் தட்டுப்படாமல் சீவி இழைப்போம். நீட்டிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்கும். இரண்டு பக்கமும் சீவிவிட்டான்.

"தடவிப் பாருங்க மச்சான். மரத்தோட மரமாக் கெடக்கு."

தடவிப் பார்த்தேன். எனக்கும் பெருமைதான்.

இப்போது தட்ட இடமில்லை. மரம் தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது. குடைந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். சோலை மேலிருந்து எட்டிப் பார்க்கிறான். அவனுக்கா தெரியாது?

"சீவுனது நானு! நேரத்த நான் புடிச்சுத் தாரேன். நீங்க கொடைங்க!"

துப்பாக்கியோடு அக்கரைக்கே திரும்பி ஓடினான். நாலு பேர் அவன் பின்னால் ஓடினார்கள். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை.

ஒரு ஆணி வந்தது. விரல் மரத்துப்போனது. இரண்டாவதும் வந்தது. தூக்கி வந்தவர்களில் கடைசி ஆளும் இக்கரை ஏறிவிட்டார். அக்கரைப் பாறைக்குப் பின்னால் சோலையின் தலை தெரிகிறது. அதற்கு அப்பால் சீனாக்காரன். மூன்றாவது ஆணி பாதி வந்து நிற்கிறது.

"சோலை! ஓடியாடா!"

"நாங்க எந்திரிச்சா அவனும் கூடவே பாலத்துல ஏறிருவான்! அடிங்க மச்சான்! இங்குட்டுப் பாக்காதீக!"

பார்த்தேன். அடித்தேன். உத்திரம் முனகியது. படார். பாலம் போயிற்று. கொட்டாப்புளியும் அதோடு போயிற்று. கரையில் என்னை இழுத்துப் போட்டார்கள். அக்கரையில் துப்பாக்கிச் சத்தம் வெகுநேரம் ஓயவில்லை. அந்த நேரத்துக்குள் காயம்பட்டவர்கள் அத்தனை பேரையும் மலையேற்றிவிட்டோம்.

ஊர் வந்தேன். காரைக்குடியில் டீக்கடையில் ஒருத்தன் சொன்னான், சீனாக்காரனைக் கண்டு ஓடிவந்த பட்டாளமாம். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"ஓடுறவன் தண்ணிக்குள்ள நின்னு ஆணி புடுங்குவானாடா?"

இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். எழுபத்தொன்றில் இன்னொரு யுத்தம் நடந்து ஜெயித்தும் ஆயிற்று. எங்கள் யுத்தத்தைப் பேச ஆளில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

சோலை செத்தான் என்று தந்தி வந்ததும் வள்ளிக்குத் தாலி கழற்றப் பொம்பளைகள் கூடினார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவுக செத்ததக் கண்ணால பாத்தீகளா?"

"இல்ல தாயி."

"அப்ப ஒருத்தரும் எங்கிட்ட வராதீக."

யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

போனவை இவை. பாலம் ஒன்று. கொட்டாப்புளி ஒன்று. என் இடது காது. ஆட்கள் ஐந்து என்கிறது சர்க்கார். எங்கள் வீட்டுக் கணக்கில் நான்குதான். இல்லை, ஐந்து என்பவன் வலையபட்டிக்கு வரட்டும். வந்து வள்ளியிடம் சொல்லட்டும்.